அந்த முனை ஏன் மூடவே இல்ல?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன வாரம் எபிசோட் வரல, மன்னிச்சுக்கோங்க. தொண்டை கட்டியிருந்தது. இன்னிக்கும் குரல் கொஞ்சம் கரகரன்னுதான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

இந்த பாட்காஸ்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நான் சென்னையில ஒரு பத்திரிகையில மூணு வருஷம் கிரைம் ரிப்போர்ட்டரா இருந்தேன்னு நடுநடுவுல சொல்லியிருக்கேன். அந்த வேலை எப்படி இருக்கும்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஸ்டேஷன்லேர்ந்து போன் வரும், போவோம். ஒரு மேஜை போட்டு அதுமேல கஞ்சா பொட்டலங்களை வரிசையா அடுக்கியிருப்பாங்க. பக்கத்துல நாலு செல்போன், ஒரு எடை மெஷின், சில நாள் ஒரு பட்டாக்கத்தி. பின்னாடி பிடிபட்டவங்களை நிக்க வச்சிருப்பாங்க, ரெண்டு பக்கமும் போலீஸ்காரங்க. போட்டோ எடுத்தாச்சு. கையில ஒரு பிரஸ் நோட். அரை மணி நேரத்துல செய்தி ரெடி.

2015-ல அப்படி ஒரு மேஜைக்குப் பின்னாடி ஒரு பையன் நின்னான். பத்தொன்பது வயசு. ராத்திரி பார் மூடுற நேரத்துல வெளியே வர்றவங்களுக்கு, ஒரு டீக்கடை முனையில நின்னு பொட்டலம் விக்கிறவன்னு நோட்டுல இருந்தது. "இவனுக்கு யார் சார் சப்ளை?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் விசாரணையில இருக்கும்மா"ன்னாங்க. சரின்னு வந்துட்டேன். எழுதினேன். அவன் பேர், அப்பா பேர், தெருப் பேர், போட்டோ, எல்லாம் போட்டோம்.

ரெண்டு நாள் கழிச்சு அவங்க அம்மா ஆபீஸுக்குப் போன் பண்ணாங்க. சண்டையெல்லாம் போடல. "பேரை மட்டும் எடுத்துடும்மா, அவன் தங்கச்சிக்கு வரன் பாத்துட்டிருக்கோம்"னாங்க. "எனக்கு அந்த அதிகாரம் இல்லம்மா"ன்னு சொல்லி போனை வச்சுட்டேன். அதிகாரம் இல்லங்கறது உண்மைதான். ஆனா நான் மேல யாரையும் கேட்டுக்கூடப் பாக்கல.

ஆறு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி ஆட்டோவுல அதே டீக்கடை முனையைத் தாண்டிப் போறேன். வேற ஒரு பையன் நிக்கிறான். ஆட்டோ அண்ணன்தான் சொன்னார், "இது புது ஆளும்மா"ன்னு. ரொம்ப சாதாரணமா, கடைக்குப் புது மேனேஜர் வந்த மாதிரி. ஆள் மாறியாச்சு, முனை அப்படியே இருக்கு. யார் விக்கிறான்னு எழுதறது சுலபம். இந்த முனை ஏன் மூடவே மாட்டேங்குதுன்னு எழுதறது வேற வேலை. அந்த ரெண்டாவது வேலையை ஒழுங்காச் செஞ்ச சில பேரைப் பத்தியும், அதுக்கு அவங்க கொடுத்த விலையைப் பத்தியும்தான் இன்னிக்குப் பேசப் போறேன். இடம் சிட்னி. கிங்ஸ் கிராஸ்.

ஏன் சிட்னி? 2018-ல நான் அங்க படிக்கப் போனேன். வகுப்புல ஒரு விசாரணைக் கமிஷனோட ஆவணங்களைப் படிக்கக் கொடுத்தாங்க. பக்கம் பக்கமா சாட்சியம். அதுல வர்ற தெருப் பேரெல்லாம் என் அறையிலேர்ந்து ரயில்ல பதினஞ்சு நிமிஷம். ஒரு சனிக்கிழமை ராத்திரி கிளம்பிப் போயிட்டேன்.

உண்மையைச் சொல்லணும்னா, ஏமாற்றமா இருந்தது. டார்லிங்ஹர்ஸ்ட் ரோடு முனையில பெரிய கோகோ கோலா விளம்பரம் எரிஞ்சிட்டிருந்தது. அதுக்குக் கீழே நான் எதிர்பார்த்து வந்த எதுவும் இல்ல. ஜிம், புது அடுக்குமாடி வீடுகள், மூடிக் கிடந்த கிளப் வாசல்கள். 2012-லயும் 2013 கடைசி ராத்திரியிலும் ரெண்டு இளைஞர்கள், ரெண்டு பேருக்கும் பதினெட்டு வயசு, அந்தப் பகுதியில ஒரே குத்துல விழுந்து இறந்துபோனாங்க. அதுக்கப்புறம் 2014-ல அரசு ஒரு சட்டம் போட்டது. ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல கிளப்புக்குள்ள புதுசா யாரையும் விடக்கூடாது, மூணு மணிக்கு மேல மது ஊத்தக்கூடாது. கிங்ஸ் கிராஸில் அந்தச் சட்டத்தை 2021-லதான் எடுத்தாங்க. நான் போனது நடுவுல, தெரு அடங்கியிருந்த காலம்.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ஐம்பது வருஷம் அது அடங்கவே இல்ல. கீழே இறங்கினா கார்டன் ஐலண்ட் கடற்படைத் தளம். மாலுமிகள் எப்பவும் வருவாங்க. 1967-லேர்ந்து வியட்நாம் போர்ல இருந்த அமெரிக்க சிப்பாய்கள் ஓய்வுக்கு சிட்னி வர ஆரம்பிச்சாங்க. கையில சம்பளம், நாலஞ்சு நாள் லீவு, திரும்பிப் போனா உயிரோட இருப்போமான்னு தெரியாது. அந்தப் பணத்துக்காக கிளப்புகள் முளைச்சுது. எழுபதுகள்ல ஹெராயின் வந்து ஊன்றிக்கிட்டது.

இப்போ அந்தக் கேள்வியைக் கேளுங்க. ஒரே தெரு. நடந்து போறவங்க எல்லாருக்கும் தெரியும் எங்க என்ன கிடைக்கும்னு. போலீஸ் ஸ்டேஷன் கூப்பிடு தூரம். அப்புறம் எப்படி இருபது, முப்பது வருஷம் கடை திறந்தே இருக்கும்?

பதிலுக்கு நம்ம ஊர்ல ஒரே வார்த்தை போதும். மாமூல். அங்கேயும் அதேதான், பேர்தான் வேற. ஆனா "மாமூல் வாங்கறாங்க"ன்னு டீக்கடையில சொல்றதுக்கும், யார் யாருக்கு எந்தக் கிழமை எவ்வளவு கொடுத்தாங்கன்னு அச்சில் போடறதுக்கும் நடுவுல இருக்கற தூரம்தான் இந்தக் கதை.

முதல்ல ஜுவானிடா நீல்சன். இவங்க போதைப்பொருள் பத்தி எழுதினவங்கன்னு சொல்ல முடியாது. பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் குடும்பத்துப் பொண்ணு. கிங்ஸ் கிராஸ் விக்டோரியா தெருவுல ஒரு சின்ன வீட்ல இருந்துக்கிட்டு, 'நவ்'ங்கற பேர்ல ஒரு சின்ன ஏரியாப் பத்திரிகை நடத்தினாங்க. அந்தத் தெருவோட பழைய வீடுகளை இடிச்சுட்டு உயரமான கட்டடம் கட்ட ஒரு முதலாளி வந்தார். குடியிருந்தவங்களை மிரட்டி வெளியேத்தினாங்க. கட்டடத் தொழிலாளர் சங்கம் அந்த வேலையைச் செய்ய மாட்டோம்னு தடை போட்டது. ஜுவானிடா தொடர்ந்து அதைப் பத்தி எழுதினாங்க.

1975 ஜூலை 4-ஆம் தேதி காலை, விளம்பரம் சம்பந்தமாகப் பேச வேண்டும் என்று கூப்பிட்டதால் கரௌசல் என்ற கிளப்புக்குப் போனார். அந்தக் கிளப், 'மிஸ்டர் சின்' என்று பத்திரிகைகள் பேர் வைத்த ஏப் சாஃப்ரனின் வட்டத்தைச் சேர்ந்தது. அதற்குப் பிறகு ஜுவானிடாவை யாரும் பார்க்கவில்லை. வயது 38. 1983-இல் நடந்த மரண விசாரணை, அவர் பெரும்பாலும் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று சொன்னது. போலீஸ் ஊழல் அந்த விசாரணையையே கெடுத்திருக்கலாம் என்றும் சொன்னது. கடத்தச் சதி செய்ததாக இரண்டு பேர் சிறைக்குப் போனார்கள். கொலை வழக்கு இன்றுவரை யார் மீதும் இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

நான் அந்த விக்டோரியா தெருவுல நடந்தேன். மரங்கள், பழைய மொட்டை மாடி வரிசை வீடுகள். பாதி தெரு தப்பிச்சிருக்கு. ஒரு ஏரியாப் பத்திரிகை. நம்ம ஊர்ல வாசல்ல போட்டுட்டுப் போவாங்களே, கோச்சிங் சென்டர் விளம்பரத்தோட, அந்த மாதிரி ஒண்ணு.

அடுத்தது சாலி ஆன் ஹக்ஸ்டெப். இவங்க பத்திரிகையாளரே இல்ல. ஆனா என் மனசுல இந்தக் கதையோட நடு இவங்கதான்.

1981 ஜூன் 27. வாரன் லான்ஃப்ரான்கிங்கற ஹெராயின் வியாபாரியை, ரோஜர் ரோஜர்சன்ங்கற டிடெக்டிவ் ஒரு சந்துல வச்சுச் சுட்டுக் கொன்னார். தற்காப்புக்காகச் சுட்டேன்னார். அந்த ஊர்ல அப்போ அவர் ஹீரோ. லான்ஃப்ரான்கியோட காதலிதான் சாலி ஆன். இருபத்தாறு வயசு. பாலியல் தொழில் செஞ்சிருக்காங்க, ஹெராயின் எடுத்திருக்காங்க. ஒரு டிவி நிகழ்ச்சியில முகத்தை மறைக்காம உட்கார்ந்து, இது திட்டமிட்ட கொலை, அவர் போலீஸுக்குக் கொடுக்கப் பத்தாயிரம் டாலர் எடுத்துட்டுப் போனார், அந்தப் பணம் எங்கன்னு கேட்டாங்க. போலீஸுக்கு எப்படிப் பணம் போகுதுன்னும் சொன்னாங்க.

கேட்டவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். இவ பேச்சையெல்லாமான்னு. நானும் என் பழைய வேலையில அப்படித்தான் யோசிச்சிருப்பேன். ஒரு டிடெக்டிவோட வார்த்தையும் ஒரு அடிமைப்பட்ட பொண்ணோட வார்த்தையும் எதிரெதிர நின்னா, நான் எதை முதல் பாராவுல போட்டிருப்பேன்? ஆனா யோசிச்சுப் பாருங்க, இந்த வியாபாரம் எப்படி நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? உள்ள இருக்கறவங்களுக்குத்தான். சுத்தமான சாட்சி வேணும்னு காத்திருந்தா கடைசி வரைக்கும் பிரஸ் நோட்டு மட்டும்தான் கையில இருக்கும்.

1986 பிப்ரவரியில் சென்டெனியல் பார்க் குளத்தில் சாலி ஆனின் உடல் மிதந்தது. ஒருவர் மீது வழக்கு நடந்து, விடுதலை ஆனார். வழக்கு தீரவே இல்லை. ரோஜர்சன்? அவரை அதே 1986-இல் போலீஸ் வேலையிலிருந்து நீக்கினார்கள். முப்பது வருஷம் கழித்து, 2016-இல், போதைப்பொருள் சம்பந்தப்பட்ட வேறொரு கொலையில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஆயுள் தண்டனை. 2024-இல் இறந்தார். 1981-ல அந்தப் பொண்ணு சொன்னது எதுவும் கோர்ட்ல நிரூபணம் ஆகல. ஆனா யாரைப் பத்தி எச்சரிச்சாங்களோ, அந்த ஆள் யாருங்கறது நிரூபணம் ஆச்சு.

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

சரி. இங்கேர்ந்து ஒரு சின்னத் திருப்பம் எடுத்து பிரிஸ்பேன் போகணும். சிட்னிக்கு வடக்கே, குயின்ஸ்லாந்து மாநிலம். அங்க ராத்திரி வாழ்க்கைக்குப் பேர் போன இடம் ஃபோர்டிட்யூட் வேலி. அங்க சரக்கு வேற, முக்கியமா சூதாட்ட விடுதியும் விபச்சார விடுதியும். ஆனா எப்படித் தோண்டணும்ங்கறதுக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியல.

1987-ன் தொடக்கம். ஃபில் டிக்கின்னு ஒரு இளம் நிருபர், 'கூரியர் மெயில்' பத்திரிகை. அமைச்சர்கள் வருஷக்கணக்கா சொல்லிட்டிருந்தது என்னன்னா, அப்படி ஒரு விடுதியும் எங்க ஊர்ல இல்லவே இல்ல. டிக்கி என்ன பண்ணார்? மாறுவேஷம் போடல. ஸ்டிங் பண்ணல. விடுதிகளோட முகவரிகளைச் சேர்த்தார். ராத்திரி அந்தத் தெருக்கள்ல போய் நின்னு யார் வர்றா, யார் போறான்னு பார்த்தார். பகல்ல கம்பெனிப் பதிவேடு, சொத்துப் பதிவேடு. இந்தக் கட்டடம் யார் பேர்ல இருக்கு, அந்தக் கம்பெனியில டைரக்டர் யாரு, அதே ஆள் வேற எந்த முகவரியில இருக்கார். எல்லாம் யார் வேணும்னாலும் போய்க் கேட்டு வாங்கக்கூடிய காகிதம். அதைக் கோர்த்தா ஒரே சில ஆளுங்களோட கையில எல்லா விடுதியும் இருக்குன்னு தெரிய வந்தது. வாசல்ல நிக்கிற பொண்ணைப் பத்தி அவர் எழுதல. வாடகை யாருக்குப் போகுதுன்னு எழுதினார்.

நம்ம ஊர்ல இதையே செஞ்சா வில்லங்கச் சான்றிதழ் எடுக்கறதுதான். வீடு வாங்கும்போது எடுக்கறோமே, அதே ஈசி. கிரைம் ரிப்போர்ட்டரா இருந்த மூணு வருஷத்துல ஒரு தடவைகூட ஒரு செய்திக்காக நான் சார்பதிவாளர் ஆபீஸ் படி ஏறினது இல்ல. அந்த டீக்கடை முனைக்கு எதிர்ல இருந்த பார் கட்டடம் யாருடையதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அதே வருஷம் மே 11-ஆம் தேதி ஏபிசி தொலைக்காட்சியின் 'ஃபோர் கார்னர்ஸ்' நிகழ்ச்சியில் கிறிஸ் மாஸ்டர்ஸ் செய்த 'தி மூன்லைட் ஸ்டேட்' ஒளிபரப்பானது. மாநில முதல்வர் அப்போது ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாகப் பொறுப்பில் இருந்த பில் கன் மறுநாளே விசாரணைக்கு உத்தரவிட்டார். டோனி ஃபிட்ஸ்ஜெரால்ட் தலைமையில் சில வாரங்களில் முடிந்துவிடும் என்று நினைத்த விசாரணை இரண்டு வருஷம் ஓடியது. முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் விடுதிகளிடம் பணம் வசூலித்து மேலே வரைக்கும் பிரித்துக் கொடுத்தது வெளியே வந்தது. அந்த ஏற்பாட்டுக்கு அவர்களுக்குள் வைத்துக்கொண்ட பேர் 'ஜோக்'. போலீஸ் கமிஷனர் டெரி லூயிஸ் 1991-இல் பதினான்கு வருஷ சிறைத் தண்டனை பெற்றார். முன்னாள் அமைச்சர்களும் சிறைக்குப் போனார்கள். 32 வருஷம் ஆட்சியில் இருந்த கட்சி 1989 தேர்தலில் தோற்றது.

கேட்க சினிமா கிளைமாக்ஸ் மாதிரி இருக்குல்ல? மாஸ்டர்ஸுக்கு என்ன ஆச்சுன்னா, அந்த ஒரு நிகழ்ச்சிக்காகப் பத்து வருஷத்துக்கும் மேல அவதூறு வழக்குக்கு அலைஞ்சார். கமிஷனர் ஜெயிலுக்குப் போயாச்சு, இவர் இன்னும் கோர்ட் வாசல்ல. நான் வேலை பார்த்த இடத்துல ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தாலே ரெண்டு நாள் யாரும் என்கிட்ட பேச மாட்டாங்க. பத்து வருஷம்னா என்னன்னு எனக்குக் கற்பனைகூடப் பண்ண முடியல. அதனாலதான் பெரும்பாலும் பையனைப் பத்தி எழுதறோம். பையன் கேஸ் போட மாட்டான்.

சரி, சிட்னிக்குத் திரும்புவோம். எண்பதுகள் முழுக்க வெண்டி பேக்கன், பாப் பாட்டம் மாதிரியான நிருபர்கள் சிட்னி போலீஸ் ஊழலைத் துண்டு துண்டா எழுதிட்டே இருந்தாங்க. ஒவ்வொண்ணா மறுக்கப்பட்டது. 1994 மே மாசம், ஜான் ஹாட்டன்னு ஒரு சுயேச்சை எம்எல்ஏ, விசாரணைக் கமிஷன் வேணும்னு சட்டசபையில தீர்மானம் கொண்டு வந்தார். அப்போ இருந்தது பெரும்பான்மை இல்லாத அரசு. அரசு எதிர்த்தும் தீர்மானம் ஜெயிச்சுது. நீதிபதி ஜேம்ஸ் உட் தலைமையில கமிஷன். போலீஸ் தலைமை என்ன சொன்னது? அமைப்பு ரீதியான ஊழல்னு ஒண்ணு கிடையாது, அங்கங்கே ஒண்ணு ரெண்டு கெட்ட ஆளு இருக்கலாம்னு. இந்த வசனம் எல்லா நாட்டுக்கும் பொது போல.

நான் முதல்ல சொன்னேனே, வகுப்புல படிச்ச ஆவணங்கள், அது இதுதான். அதுல ட்ரெவர் ஹேக்கன்னு ஒருத்தர் வருவார். கிங்ஸ் கிராஸ்ல டிடெக்டிவா இருந்தவர், தானே வருஷக்கணக்கா லஞ்சம் வாங்கினவர். கமிஷன் ஆட்கள் அவரைப் பிடிச்சு, ரகசியமா அவங்க பக்கம் வர வச்சாங்க. அவர் காரோட டாஷ்போர்டுக்குள்ள ஒரு கேமரா. பக்கத்து சீட்ல உட்கார்றவரோட மடி தெரியற மாதிரி வச்சிருந்தாங்க. ஹேக்கன் வழக்கம்போல ஊர் சுத்தினார். கிங்ஸ் கிராஸ் டிடெக்டிவ்களுக்குத் தலைவரா இருந்த கிரஹாம் ஃபவுலர் ஏறி உட்கார்றார். சும்மா பேசிக்கிட்டே வர்றாங்க. பணம் கை மாறுது. 1995-ல அந்த வீடியோவை விசாரணையில போட்டாங்க. ஊரே டிவியில பார்த்தது.

அந்த வீடியோவை நான் பார்த்திருக்கேன். மங்கலான படம். யாரும் மிரட்டல, யாரும் கத்தல. பின்னணி இசை கிடையாது, அதைச் சொல்லியே ஆகணும், ஏன்னா இதே காலத்தை வச்சு 2010-ல 'அண்டர்பெல்லி'ன்னு ஒரு சீரிஸ் வந்தது, அதுல எல்லாருக்கும் பிஜிஎம் உண்டு, எல்லாரும் ஸ்லோ மோஷன்ல நடப்பாங்க. நிஜத்துல அது மாசச் சந்தா கட்டற மாதிரி இருந்தது. பயமா இருந்ததும் அதனாலதான்.

சாட்சியங்கள்லேர்ந்து தெரிஞ்சது என்னன்னா, டார்லிங்ஹர்ஸ்ட் ரோடுல கடையை நடத்தறவங்க டிடெக்டிவ்களுக்குத் தொடர்ந்து பணம் கொடுத்தாங்க. ரெய்டு வந்தா முன்னாடியே தகவல் வரும். போட்டிக்காரன் மாட்டுவான். கைது நடக்கும், நடக்காம இல்ல, கணக்குக் காட்டணும்ல. மாட்டறது யாரு? கீழே நிக்கிறவங்க. இதைப் படிச்சப்போ நான் புத்தகத்தை மூடி வச்சுட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். அந்தக் காலத்துல கிங்ஸ் கிராஸ்ல ஒரு ரிப்போர்ட்டர் அந்தக் கைதுகளை நேர்மையா, ஒரு வார்த்தை தப்பில்லாம எழுதியிருந்தாக்கூட, அந்த ஏற்பாட்டுக்கு உதவிதான் பண்ணியிருப்பார். ஒவ்வொரு கைதுச் செய்தியும் 'நடவடிக்கை எடுக்கறோம்'ங்கறதுக்கு ஒரு ரசீது. நான் சென்னையில எத்தனை ரசீது எழுதிக் கொடுத்தேன்னு கணக்குப் போட ஆரம்பிச்சேன். நம்ம ஸ்டேஷன்ல அதே ஏற்பாடு இருந்ததுன்னு நான் சொல்ல வரல, என்கிட்ட ஆதாரம் இல்ல. நான் தேடவே இல்லங்கறதுதான் விஷயம்.

1997 மே மாசம் உட் கமிஷனோட இறுதி அறிக்கை வந்தது. ஊழல் வேரூன்றிப் போனதுன்னு தெளிவா எழுதினாங்க. அதுக்கு முன்னாடியே, 1996-ல, போலீஸை விசாரிக்கத் தனி அமைப்பு வந்தது, வெளிநாட்டுலேர்ந்து, இங்கிலாந்துலேர்ந்து, ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து கமிஷனர் ஆக்கினாங்க. பில் பாயேன்னு டார்லிங்ஹர்ஸ்ட் ரோடுல கொடி கட்டிப் பறந்த வியாபாரி ஜெயிலுக்குப் போனார். ஹேக்கன் பேரையும் ஊரையும் மாத்திக்கிட்டு சாட்சிப் பாதுகாப்புல மறைஞ்சு வாழ வேண்டியதாச்சு.

ஹெராயின்? போகல. போலீஸ்ல ஊழல் பண்ணவங்க போனாங்க, வாங்கற ஆளு இருந்தாங்களே. முன்னாடி கடைகளுக்கு மேல, லாட்ஜ்கள்ல, நிமிஷக் கணக்குல அறை வாடகைக்கு விட்டு ஊசி போட்டுக்க விடுவாங்க. அதுவும் மாமூல்லதான் ஓடினது. தொண்ணூறுகளோட கடைசியில கிங்ஸ் கிராஸ் சந்துகள்ல, படிக்கட்டுகள்ல ஆளுங்க ஊசியோட செத்துக் கிடந்தாங்க. டிவி கேமராக்கள் அதே சமயத்துல மேற்கே கப்ரமட்டாங்கற புறநகர் ரயில் ஸ்டேஷனுக்கும் போச்சு. வியட்நாமிய அகதிக் குடும்பங்கள் நிறைய இருக்கற ஊர். அங்க வியாபாரம் வெட்டவெளியில, பிளாட்பாரத்துல. விக்கிறதும் டீன் ஏஜ் பசங்க. படம் பிடிக்க ரொம்ப வசதி. நான் நின்ன மேஜைதான், ஆனா பெருசு.

இதுல ஒரு விஷயம் என்னைக் குழப்பும், இப்பவும். 1999 ஜனவரியில சிட்னியோட ஒரு ஞாயிறு பத்திரிகை, ரெட்ஃபெர்ன்ங்கற பகுதியில ஒரு சந்துல ஒரு சிறுவன் ஊசி போட்டுக்கற படத்தை முதல் பக்கத்துல போட்டது. ஊரே கொதிச்சுது. அவன் வயசு முதல்ல சொன்னதைவிட அதிகம்னு அப்புறம் தெரிஞ்சுது. அந்தப் படத்தால உடனே நடந்தது என்னன்னா, அந்தப் பகுதியில சுத்தமான ஊசி கொடுத்துட்டிருந்த சேவையை அமைச்சர் நிறுத்தினார். எச்ஐவி பரவாம இருக்கறதுக்காக வச்ச சேவை அது. நான் பயப்படற மாதிரியான செய்தி, நான் பயப்படற மாதிரியான விளைவு. ஆனா அதே கொதிப்புல அரசு போதைப்பொருள் பத்தி ஒரு மாநாடு கூட்ட வேண்டியதாச்சு. 1999 மே. டாக்டர்கள், அடிமைப்பட்டவங்க, பிள்ளைகளை இழந்த பெற்றோர்கள் எல்லாரும் வந்து பேசினாங்க. மருத்துவக் கண்காணிப்போட ஊசி போட்டுக்கற இடம் ஒண்ணை ஆரம்பிச்சுப் பார்க்கலாம்னு அங்கதான் முடிவாச்சு. இதைப் பரிசீலிக்கலாம்னு ரெண்டு வருஷம் முன்னாடியே சொன்னது யாரு? உட் கமிஷன் அறிக்கை. போலீஸ் ஊழலை விசாரிக்க வந்த கமிஷன்.

2001 மே மாதம் அந்த மையம் திறந்தது. டார்லிங்ஹர்ஸ்ட் ரோடு, எண் 66. ஸ்டேஷனுக்கு நேர் எதிரே. சர்ச் ஒன்றின் அமைப்பு நடத்துகிறது. பொருளை அவர்களே கொண்டு வர வேண்டும். சுத்தமான ஊசி கொடுப்பார்கள், நர்ஸ் பக்கத்தில் இருப்பார். மூச்சு நின்றால் ஆக்சிஜன், மருந்து. ஒன்பது வருஷம் சோதனை முயற்சியாகவே வைத்திருந்து 2010-இல் நிரந்தரமாக்கினார்கள். அந்த அறைக்குள்ள இதுவரைக்கும் ஒருத்தர்கூட இறக்கல.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி நான் ஸ்டேஷன்லேர்ந்து வெளிய வந்து, ஏமாற்றமா நின்னேன்னு சொன்னேன்ல? எதிர்ல ஒரு கதவு இருந்தது. ஒண்ணும் விசேஷமில்லாத கதவு. டயக்னாஸ்டிக் சென்டர் மாதிரி. அது என்னன்னு தெரியாமலே பார்த்துட்டுத் திரும்பிட்டேன். அறைக்குப் போய் மேப்பைப் பார்த்தப்போதான் தெரிஞ்சுது.

இவ்வளவும் சொல்லிட்டு என்னோட கதைக்கு வரலைன்னா நியாயம் இல்ல.

நம்ம சட்டப்படி ஒரு கிலோ வரைக்கும் கஞ்சா சிறிய அளவு. அதிகபட்சம் ஒரு வருஷம் சிறை. அந்தப் பையன்கிட்ட இருந்தது அதுக்கு ரொம்பக் கீழ. கேஸ் என்ன ஆச்சுன்னு நான் ஃபாலோ பண்ணவே இல்ல. விடுதலை ஆனானா, தண்டனை கட்டினானா, தெரியாது. ஆனா அவன் பேரை கூகுள்ல போட்டா முதல்ல வர்றது நான் எழுதின செய்திதான். அதுக்கு ஒரு வருஷத்துல விடுதலை கிடையாது. இப்போ அவனுக்கு முப்பதை ஒட்டி இருக்கும். எங்கயாவது வேலைக்குப் போனா எச்ஆர்ல யாராவது தேடிப் பார்ப்பாங்க. தங்கச்சி கல்யாணம் நடந்ததான்னும் தெரியல.

சிட்னியிலேர்ந்து வந்ததும், 2019 கடைசியில, பழைய ஆபீஸுக்கு மெயில் போட்டேன். செய்தியை எடுக்க முடியலன்னா பேரையும் போட்டோவையுமாவது எடுங்கன்னு. ஆவணக் காப்பகத்துல கை வைக்கிறதில்லன்னு பதில் வந்தது. ரெண்டாவது மெயிலுக்குப் பதில் இல்ல. போன வாரம், தொண்டை கட்டிப் பேச முடியாம உட்கார்ந்திருந்தப்போ, அந்த லிங்க்கைத் திறந்து பார்த்தேன். திறக்குது. கீழே என் பைலைன். மூணாவது மெயில் அனுப்பியிருக்கேன், இந்தத் தடவை ஆசிரியருக்கு நேரா. கூடவே அந்த பார் கட்டடத்துக்கு ஈசி போட்டிருக்கேன், சர்வே நம்பர் கண்டுபிடிக்கவே நாலு நாள் ஆச்சு.

எது முதல்ல வருதோ, அதைப் பத்தி இங்க சொல்றேன். அடுத்த வாரம் பார்க்கலாம்.